நம்புகின்றீரோ என்னும் வினா

2019 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத் தொடக்கத்திலே அமெரிக்க நாட்டிலிருந்து வெளிவந்த ஒரு கணக்கு, கத்தோலிக்க உலகிலே பெரும் பேச்சாயிற்று. பியூ ஆய்வு நிலையத்தார் அந்நாட்டுக் கத்தோலிக்கரிடம் ஒரு வினாவை விடுத்தனர். பூசையின்போது அப்பமும் திராட்சை இரசமும் உண்மையாகவே இயேசுபிரானின் உடலும் குருதியும் ஆகின்றனவோ, அன்றி அவை அடையாளங்களோ என்பது வினா. உண்மையாகவே ஆகின்றன என்றோர் நூற்றுக்கு 31 பேர். அடையாளமே என்றோர் 69 பேர். ஆயர்கள் திடுக்கிட்டனர். மறைக்கல்வி அடியோடு வீழ்ந்ததென்று சிலர் புலம்பினர்.

சில ஆண்டு சென்றபின் வேறொரு கணக்கு வந்தது. ஜோர்ஜ்டவுண் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ‘காரா’ என்னும் ஆய்வகத்தார் 2022 இலே கேட்டு 2023 இலே வெளியிட்ட கணக்கு அது. அதிலே அம்மெய்ம்மையை நம்புவோர் நூற்றுக்கு 64 பேர் ஆயினர்! மூன்றாண்டிலே மக்கள் மனம் இரு மடங்கு திருந்திவிட்டதென்று எவரும் கருதார். மக்கள் மாறவில்லை, வினாவின் சொற்களே மாறின. ஒரு வினாவைச் சற்றே வேறாகத் தொடுத்த அளவிலே சிறுபான்மை பெரும்பான்மையாகிவிடுமாயின், அங்கே மெய்யாக அளக்கப்பட்டது யாது? இவ்விடத்திலேதான் என்போன்ற தமிழாசிரியனுக்கும் இவ்விடயத்திலே சொல்ல ஏதோ உண்டு என்னும் துணிவு பிறந்தது.

யான் கத்தோலிக்கன் அல்லன், சைவன். ஆயினும் வன்னியிலே இருந்து தமிழ் கற்பிப்பவன் கத்தோலிக்கரை அறியாதிருத்தல் இயலாது. 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கை முழுவதிலும் உரோமன் கத்தோலிக்கர் 12 இலட்சத்து 61 ஆயிரத்துக்குச் சற்று மேற்பட்டோர். நூற்றுக்கு ஆறுபேர் எனலாம். அயலிலுள்ள மன்னார் மாவட்டத்திலே அவர் சரிபாதிக்கு மேற்பட்டவர். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மூன்று மாவட்டங்களிலும் சைவரே பெரும்பான்மையினர். எனினும் முல்லைத்தீவுக் கரையோரக் கிராமங்களிலே மாதாவின் சொரூபமில்லாத தெருமுனை அரிது. என் வகுப்பு வாங்குகளிலே திருநீற்று நெற்றியும் கழுத்துச் செபமாலையும் அருகருகே அமர்ந்திருக்கக் காண்பது எனக்கு வழக்கமாகிவிட்ட காட்சி.

குடிசன மதிப்பீட்டைப் பற்றி ஒரு சொல். 1981 இன் பின் முப்பத்தோராண்டு செல்லும்வரை வன்னியிலே முழுமையான குடிக்கணக்கு எடுக்கப்படவில்லை. 2001 இலே எடுக்கப்பட்டபோதும் பதினெட்டு மாவட்டங்களிலேயே அது நிறைவுற்றது; வன்னி அதனுள் அடங்கவில்லை. ஒரு தலைமுறை முழுவதும் எண்ணப்படாமலே பிறந்து வளர்ந்தது. மேலும் அம்மதிப்பீடு மதத்தின் பெயரை மாத்திரம் வினவும். நம்புகின்றீரோ, கோயிலுக்குப் போகின்றீரோ என்று அது வினவுவதில்லை. அவ்வாறு வினவும் முறை பிரான்சு நாட்டிலே வளர்ந்தது. காபிரியேல் லெ பிரா என்னும் அறிஞர் 1931 இலே அதற்கு வித்திட்டார். பெர்னான் புலார் என்னும் குருவானவர் நாட்டுப்புறப் பங்குகள்தோறும் ஞாயிறு பூசைக்கும் பாஸ்குக்கால நன்மைக்கும் வருவோரை ஆராய்ந்து 1947 இலே நாட்டுப்படம் ஒன்று வரைந்து வெளியிட்டார். பக்தி மிக்க பகுதி ஒரு நிறம், குன்றிய பகுதி வேறொரு நிறம். ஒரு குருவானவரே தம் திருச்சபையின் நோயைத் தம் கையால் வரைந்து காட்டினார் என்பது நாம் மதித்தற்குரியது. நம் சமயத்தார் எவரும் இதுகாறும் அவ்வாறு செய்யத் துணியவில்லை.

இன்று அத்தகைய கணக்குகள் மலிந்துவிட்டன. வாரந்தோறும் பூசைக்குச் செல்வதாகக் கூறும் கத்தோலிக்கர் நைஜீரியாவிலே நூற்றுக்கு 94, கென்யாவிலே 73, லெபனானிலே 69, அமெரிக்காவிலே 17, பிரான்சிலே 8, நெதர்லாந்திலே 7 என்று ‘காரா’ ஆய்வகத்தார் 2023 இலே தொகுத்துரைத்தனர். உலக விழுமியக் கணிப்பு என்பதன் விடைகளிலிருந்து எடுத்தவை இவை. யான் அவ்வெண்களைக் காட்டிலும் அவற்றைப் பிறப்பித்த வினாவையே உற்று நோக்கினேன். அதன் கருத்து: ‘திருமணங்களும் இறுதிச்சடங்குகளும் நீங்கலாக, நீர் எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை வழிபாட்டுக்குச் செல்கின்றீர்?’

திருமணமும் இறுதிச்சடங்கும் நீங்கலாக! ஐரோப்பியருக்கு அது பொருந்தும். அவை அங்கே மரியாதைக்குப் போகும் இடங்கள். வன்னியிலே செத்தவீட்டை நீக்கிவிட்டுச் சமயத்தை அளத்தல், நெல்லை நீக்கிவிட்டு வயலை அளத்தல் போலாம். ஒரு கத்தோலிக்க வீட்டிலே சாவு நிகழ்ந்தால் எட்டாம் நாள், முப்பத்தோராம் நாள், ஆண்டுத் திவசம் என்று செபமாலை தொடர்கின்றது. ஞாயிறு பூசைக்குப் பெரிதும் தலைகாட்டாத ஆண்மகனும் அங்கே பாயிலே முழந்தாளிட்டுச் செபத்தின் மறுபாதியைப் பிசகாமற் சொல்கின்றான். கார்த்திகை இரண்டாந் தேதி, மரித்த விசுவாசிகளின் நாளிலே, சவக்காலைக்குச் சென்று கல்லறையிலே மெழுகுதிரி ஏற்றாத கத்தோலிக்கன் ஒருவனை யான் இன்னும் காணவில்லை. இவையெல்லாம் அந்த ‘நீங்கலாக’ என்னும் ஒரு சொல்லினாலே துடைத்து எறியப்படுகின்றன.

பூசைக்கு வருவோரின் தொகையே பக்தியின் அளவு என்று கொள்வோமாயின் பிறிதோர் இடர்ப்பாடும் உண்டு. 1658 இலே ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிக் கத்தோலிக்கக் குருமாரைத் துரத்தினர். 1687 இலே கோவையிலிருந்து, அதாவது மேற்குக் கரையிலுள்ள கோவாவிலிருந்து, யோசேப்பு வாஸ் முனிவர் கூலியாள் வேடத்திலே வந்து சேரும்வரை ஏறக்குறைய முப்பது ஆண்டு இங்கே பூசை நிகழ்த்துவார் இலர். அக்காலத்திலே ஒரு கணிப்பாளர் வந்திருப்பின், பூசைக்குச் செல்வோர் நூற்றுக்குச் சுழியம் என்றே எழுதியிருப்பார். அந்தச் சுழியக் காலத்திலேதான், 1670 ஆம் ஆண்டளவிலே, மாந்தையிலிருந்து இருபது குடும்பத்தார் தம் மாதா சொரூபத்தைச் சுமந்துகொண்டு வன்னிக் காட்டினுள்ளே புகுந்தனர் என்பது மடுத்திருப்பதி வரலாறு. எம் நாட்டுக் கத்தோலிக்கரின் மிகப் பெரிய திருத்தலம், பூசையே இல்லாத காலத்து மக்கள் நட்ட மரம்.

வாஸ் முனிவர் தம் மந்தையைக் கண்டறிந்த வழியும் சுவையானது. கழுத்திலே செபமாலையை அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சைக்குச் சென்றார் என்பர். எவர் முகம் அதனைக் கண்டு மாறுகின்றது என்று நோக்கினார். வாய் திறந்து ஒரு வினாவும் கேட்டிலர். கேட்டிருப்பின் உண்மை விடை கிடைத்திராது; விடை சொல்வோன் தலைக்கு ஆபத்து இருந்த காலம் அது.

இனி என் வகுப்புக்கு வருகின்றேன். நன்னூற் சொல்லதிகாரத்துப் பொதுவியலிலே வினா வகையும் விடை வகையும் கற்பிப்பது ஆண்டுதோறும் என் கடமை. அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என வினா ஆறு. சுட்டு, மறை, நேர், ஏவல், வினாதல், உற்றதுரைத்தல், உறுவதுகூறல், இனமொழி என விடை எட்டு. முதன் மூன்றும் செவ்வன் இறை; பின்னைய ஐந்தும் வினாவிய பொருளைக் குறிப்பினால் தருவன. ‘இது செய்வாயா’ என்றதற்கு ‘உடம்பு நொந்தது’ என்னும் பழைய எடுத்துக்காட்டுகளைச் சொல்லிச் சொல்லி எனக்கே சலித்துவிட்டது. ஆதலால் ஓராண்டு, மேற்படி அமெரிக்க வினாவைக் கரும்பலகையிலே தமிழாக்கி எழுதி, கத்தோலிக்க மாணாக்கரை நோக்கி, “இதனை உங்கள் வீட்டு முதியோரிடம் கேட்டு, அவர் வாய்ச்சொல்லை மாற்றாமல் எழுதி வாருங்கள்” என்றேன். ஆராய்ச்சி செய்வது என் நோக்கமன்று. இலக்கணத்துக்கு உதாரணம் வேண்டியதே நோக்கம்.

மறுநாள் வந்த விடைகளைக் கண்டு வியந்தேன். ‘ஆம்’ என்னும் நேர்விடை ஒன்றிரண்டே. ‘போய்ச் சுவாமியாரைக் கேள்’ என்று ஒரு பாட்டனார் சொன்னாராம், அஃது ஏவல். ‘நம்பாமலோ இந்த வயதிலும் முழந்தாளிலே நிற்கிறேன்’ என்றார் ஒரு பாட்டியார். அது வினாவெதிர் வினாதல். ‘இடம்பெயர்ந்து காட்டுக்குள்ளே கிடந்த மாதங்களிலே நன்மை வாங்க வழியில்லை, சோறில்லாத நாளைக் காட்டிலும் அந்த ஞாயிற்றுக்கிழமைகளே எனக்கு நினைவிருக்கின்றன’ என்றார் ஒரு தாயார், உற்றதுரைத்தல் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எந்த உரையாசிரியரும் காட்டியதில்லை. ‘நம்பாமற் போனால் சாகிற வேளையிலே நாக்கிலே எதை வாங்குவேன்’ என்றது உறுவதுகூறல். ‘எனக்கு மாதாவைத் தெரியும்’ என்றார் ஒருவர், இனமொழி. ஒரு மாணாக்கியின் தாளிலே மாத்திரம் விடை எழுதப்படவில்லை. ஏன் என்றேன். “அப்பாச்சி ஒன்றும் சொல்லவில்லை, ஐயா. சிலுவை அடையாளம் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டா” என்றாள். நன்னூலாரின் எட்டு வகையுள் அதற்கு இடம் தேடினேன்.

கணிப்பாளர் கையிலுள்ள தாளிலே இவ்விடைகளுக்குக் கட்டமில்லை. நேர் என்பதற்கு ஒரு கட்டம், மறை என்பதற்கு ஒரு கட்டம், ‘தெரியாது’ என்பதற்கு ஒரு கட்டம். மேற்சொன்ன ஐவரும் அந்த மூன்றாங் கட்டத்திலே தள்ளப்படுவர். நன்னூலார் விடையென்று கொண்டதைப் புள்ளிவிவரம் விடையின்மை என்று கொள்கின்றது.

வினாவின் வடிவிலும் ஒரு நுட்பம் உண்டு. ‘உண்மையோ, அடையாளமோ’ என்பது ‘குற்றியோ, மகனோ’ என்றாற்போல ஐயவினாவின் வடிவம். கேட்பவருக்கு ஐயமில்லை, விடை சொல்பவருக்கு, அதுவரை இல்லாத ஐயம் அவ்விடத்திலே பிறக்கின்றது. இரண்டுள் ஒன்றைத் தேர்ந்தேயாக வேண்டும் என்னும் நெருக்குதலும் உடன்வருகின்றது. கத்தோலிக்கப் போதனைப்படியோ தேவதிரவிய அனுமானங்கள் அடையாளமும் ஆகும். தாம் குறிப்பதை நிகழ்விப்பனவும் ஆகும். ‘அடையாளம்’ என்று விடையிறுத்தவர் யாவரும் மறுத்தவர் என்று கொள்வது எங்ஙனம்? அன்றியும் வன்னியிலே ‘அடையாளம்’ என்பது இலேசான சொல்லன்று. அடையாள அட்டை கையில் இல்லாமையால் சோதனைச் சாவடியிலே நின்ற பொழுதுகளை நினைப்பவர், ‘வெறும் அடையாளம்’ என்று ஒருநாளும் சொல்லார்.

சொற்களைப் பற்றிய இன்னொரு சங்கடம். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1962 முதல் 1965 வரை நடந்தேறிய பின்னர் இலத்தீன் பூசை தமிழாயிற்று. தமிழும் புதுத்தமிழாயிற்று. பூசை திருப்பலியாயிற்று, ஞானஸ்நானம் திருமுழுக்காயிற்று, பாவசங்கீர்த்தனம் ஒப்புரவாயிற்று, அவஸ்தைப்பூசுதல் நோயிற்பூசுதலாயிற்று, சம்மனசு வானதூதரானார், போர்த்துக்கேய ஒலி மாறாதிருந்த இஸ்பிரீத்துசாந்து தூய ஆவியானார். தமிழாசிரியன் என்ற முறையிலே யான் இவற்றை வரவேற்பவன். ஆனால் எழுபது வயதைக் கடந்த ஒரு மூதாட்டியிடம் சென்று, ‘ஒப்புரவு அருட்சாதனத்தை ஆண்டுக்கு எத்தனை முறை பெறுகின்றீர்’ என்று கேட்டால் அவர் விழிப்பார். ‘சங்கீர்த்தனம் செய்கிறனீங்களோ’ என்று கேட்டால் தேதி முதற்கொண்டு சொல்வார். முதல் வினாவுக்குக் கிடைத்த மௌனத்தை அறியாமை என்று எழுதிக்கொள்ளும் கணிப்பாளரே அறியாதவர். தனித்தமிழ்ப் பற்றுடையார் என்மீது சினவற்க. திருத்தமான சொல் எது என்பதும், ஒருவர் எச்சொல்லினாலே செபிக்கின்றார் என்பதும் வெவ்வேறு விசாரணைகள்.

இவ்வளவும் கூறியமையால் கணிப்புகள் யாவும் வீண் என்று யான் சொல்வதாகக் கொள்ளற்க. அவை நம் கண்ணைத் திறக்கும் இடங்களும் உள. மேற்படி 2019 ஆம் ஆண்டுக் கணக்கிலேயே, இவ்விடயத்திலே தம் திருச்சபை போதிப்பது இன்னது என்று அறிந்திருந்தோர் பாதிப்பேரே. அறிந்து மறுத்தோர் நூற்றுக்கு 22. திருச்சபை போதிப்பதே அதுதான் என்று எண்ணி ‘அடையாளம்’ என்றோர் 43. மறுப்பு வேறு, கல்லாமை வேறு என்று பிரித்துக் காட்டியது அக்கணிப்பின் சிறப்பு. 1993 இலே அமெரிக்க சமூகவியலார் மூவர் செய்த ஆய்வொன்றும் இவ்வகையது. வாரந்தோறும் பூசைக்குச் செல்வதாகச் சொன்ன கத்தோலிக்கர் நூற்றுக்கு 51. கோயில்களிலே தலைகளை எண்ணிப் பார்த்தபோது 28. மனிதன் தான் செய்வதையன்று, செய்யவேண்டியதையே சொல்லுகின்றான் என்பதை இலக்கத்தினாலே காட்டினர். 2014 இலே யுனிவிசியன் நிறுவனத்தார் பன்னிரண்டு நாடுகளிலே பன்னீராயிரத்துக்கு மேற்பட்ட கத்தோலிக்கரை வினவியபோது, செயற்கைக் கருத்தடையை ஏற்றோர் 78 பேர். ஆபிரிக்க நாடுகளின் விடை மாத்திரம் பெரிதும் வேறுபட்டது. ஒரே போதனை, ஒரே பாப்பரசர், ஆயினும் நாட்டுக்கு நாடு மனம் வேறு. இதனைப் பிரசங்கபீடத்திலே நின்றுகொண்டு அறிதல் இயலாது.

பயனில்லா வினாக்களும் உள. 2009 இலே கலப் நிறுவனத்தார், ‘சமயம் உம் அன்றாட வாழ்விலே முக்கியமானதோ’ என்று இலங்கையரை வினவினர். நூற்றுக்கு 99 பேர் ஆம் என்றனர். போர் முடிவுற்ற ஆண்டிலே இந்நாட்டிலே கிடைத்த விடை அது. அதற்குமேல் அதைப்பற்றி எழுத எனக்கு மனமில்லை.

அயலாரின் நம்பிக்கைகள் ஒன்றோடொன்று ஊடாடுதலைக் காட்டிய ஒரு கணிப்பை இங்கே குறிப்பிடல் வேண்டும். பியூ நிலையத்தார் 2019 இன் இறுதியிலும் 2020 இன் தொடக்கத்திலும் இந்தியாவிலே பதினேழு மொழிகளிலே ஏறக்குறைய முப்பதினாயிரம் பேரைக் கேட்டனர். அந்நாட்டுக் கிறித்தவருள் நூற்றுக்கு 54 பேர் கர்மவினையை நம்புகின்றனர். 29 பேர் மறுபிறப்பை நம்புகின்றனர். 31 பேர் தீபாவளி கொண்டாடுகின்றனர். சிலர் இதனைக் கலப்பு என்று குறைகூறினர். வன்னியிலே வாழ்வோனுக்கு இது வியப்பன்று. மடுத்திருப்பதியின் மண்ணைப் பாம்புக்கடிக்கு மருந்தெனப் பொட்டலமாக வைத்திருக்கும் சைவ விவசாயியின் வீட்டை யான் அறிவேன். வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கலன்று கடல்நீரிலே விளக்கெரிவதைக் காண வந்து நிற்கும் கத்தோலிக்க மீனவரையும் அறிவேன். இவர்கள் எக்கட்டத்திலும் தம் சமயத்தை மாற்றி எழுதார். ஒருவர் ‘இந்து’ என்பார்; மற்றவர் ‘உரோமன் கத்தோலிக்கர்’ என்பார். ஆவணித் திருநாளிலே மடுக்காட்டிலே கூடாரம் இட்டுத் தங்கும் இலட்சக்கணக்கானோரை அவ்வாறு பிரித்து எண்ணிய கணக்கை யான் பார்த்ததில்லை.

அந்த மடு 1999 நவம்பர் 20 ஆந் தேதி இரவு எறிகணைக்கு இலக்காயிற்று. தஞ்சம் புகுந்திருந்தோருள் நாற்பதின்மர் வரை மாண்டனர். 2008 ஏப்ரலிலே குருமார் மாதா சொரூபத்தை எடுத்துக்கொண்டு தேவன்பிட்டிக்குச் சென்றனர். ஓகஸ்டிலே அது மீண்டது. 1670 இலே நிகழ்ந்ததே மீண்டும் நிகழ்ந்தது போலும். கணிப்பாளர் ‘சமயாசாரம்’ என்று நிரற்படுத்தும் பட்டியலிலே ஞாயிறு பூசை உண்டு, செபமாலை உண்டு, தவசுகாலத்து ஒருசந்தி உண்டு. சொரூபத்தைச் சுமந்துகொண்டு ஓடுதல் அதில் இல்லை.

இன்னொன்றும் அதில் இல்லை. மன்னார் ஆயராக விளங்கிய இராயப்பு யோசேப்பு ஆண்டகை 2011 சனவரி 8 ஆந் தேதி, கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் தோன்றினார். குருத்துவ உடையிலே வந்தவர் கச்சேரிக் கணக்குகளை எடுத்து வைத்தார். 2008 ஒக்டோபர் தொடக்கத்திலே வன்னியில் இருந்தோர் 4,29,059 பேர். 2009 யூலை 10 வரை அரசாங்கக் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தோர் 2,82,380 பேர். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தார். எஞ்சியது 1,46,679. இவர்களுக்கு என்ன நேர்ந்தது என்று கேட்டார். அத்தொகையிலே கத்தோலிக்கர் எத்தனை பேர், சைவர் எத்தனை பேர் என்று அவர் பிரித்தாரில்லை.

அக்கணக்கு மிகையென்று மறுத்தோரும் உண்டு. சரியான கணக்கை எடுத்துக் காட்டுங்கள் என்பதே கேட்போரின் வேண்டுகோள். ஆண்டகை 2021 ஏப்ரல் 1 ஆந் தேதி காலமானார். நன்னூலார் வகுத்த ஆறனுள் அவர் கேட்டது அறியாவினா. வகுப்பிலே அதற்கு உதாரணம் கேட்கும் மாணாக்கருக்கு அதனையே யான் இப்பொழுது சொல்லி வருகின்றேன்.